சாயங்காலம் ஆறரைக்கு அணையும் கேமரா: வீட்டுக்கு மலிவு 2.5ஜி பிஓஇ ஸ்விட்ச் வாங்கும் முன்



எங்க வீட்டு கேட் கேமரா கொஞ்ச நாள் தினமும் சாயங்காலம் ஆறரைக்கு செத்துப் போச்சு. ரெண்டு நிமிஷத்துல தானா உயிர் வரும், படம் தெரியும், மறுபடி போயிடும். ராத்திரி முழுக்க இதே கதை. விடிஞ்சா ஒரு பிரச்சினையும் இருக்காது. அப்பாவும் அம்மாவும் வேலை முடிஞ்சு வர ஏழரை ஆகும். அதுவரைக்கும் பாட்டி மட்டும்தான் வீட்டுல. அதுக்காகவே போட்ட கேமரா, சரியா அந்த நேரம் பார்த்து கண்ண மூடிக்கும்.

சிசிடிவி போட்ட அண்ணன் ரெண்டு தடவை வந்து கனெக்டரை மாத்தினார். அப்புறம் கேமராவையே மாத்தினார். ஒண்ணும் நடக்கல. காரணம் கேமரா இல்ல. "அப்பா, இனி எல்லாமே 2.5ஜி தான், இதுவே வாங்கலாம்"னு நான் அடம்பிடிச்சு வாங்க வெச்ச புது ஸ்விட்ச்தான் காரணம். ஸ்விட்ச் கெட்டுப்போகவும் இல்ல. நான் கணக்கு போடாம வாங்கினேன், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கத்தான் இந்தக் கட்டுரையில போட்டுப் பார்க்கப் போறோம். ஆன்லைன்ல இப்போ 2.5ஜி பிஓஇ ஸ்விட்ச் ஓரளவு மலிவாவே கிடைக்குது. பேர் கேள்விப்படாத பிராண்டு நிறைய இருக்கு. நம்மள்ல பல பேர் வீட்டுல "நீதானே இன்ஜினியரிங் படிக்கிற, நீயே பார்த்து வாங்கு"ன்னு சொல்லிடுவாங்க. அப்படி மாட்டிக்கிட்டவங்களுக்குத்தான் இது.

முதல்ல ரெண்டு விஷயத்தையும் பிரிச்சுக்கலாம்

"மல்டி கிகாபிட் பிஓஇ ஸ்விட்ச்" அப்படிங்கிற பேர்ல ரெண்டு தனித்தனி சமாச்சாரம் இருக்கு.

ஒண்ணு வேகம். சாதாரண ஸ்விட்ச்ல ஒரு போர்ட் 1 ஜிபிபிஎஸ். மல்டி கிகாபிட்னா 2.5 அல்லது 5 ஜிபிபிஎஸ். 2016-ல ஐஇஇஇ கொண்டுவந்த 802.3பிஇசட் தரம் இது. அதுக்கு முன்னாடி 1ஜி-க்கு அடுத்தது நேரா 10ஜி தான். 10ஜி-யை 100 மீட்டர் ஓட்ட கேட் 6ஏ கேபிள் வேணும். ஆனா ஆபீஸ், காலேஜ் சுவருக்குள்ள ஏற்கனவே ஓடுறது பெரும்பாலும் கேட் 5இ. வைஃபை அக்சஸ் பாயிண்டோட வேகம் 1ஜி-யைத் தாண்ட ஆரம்பிச்சதும், சுவரை உடைக்காம பழைய கேபிள்லயே கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்காதான்னு யோசிச்சாங்க. அதுக்கு வந்த பதில்தான் 2.5ஜி. நல்ல கேட் 5இ கேபிள்ல 100 மீட்டர் வரைக்கும் ஓடும்.

ரெண்டாவது கரண்ட். பவர் ஓவர் ஈத்தர்நெட், சுருக்கமா பிஓஇ. டேட்டா போற அதே கேபிள்ல மின்சாரமும் போகும். கேமரா பக்கத்துலயும், சீலிங்ல இருக்கிற அக்சஸ் பாயிண்ட் பக்கத்துலயும் பிளக் பாயிண்ட் தேவையில்ல.

இந்த ரெண்டும் ஒரே டப்பாவுல வர்றதால ஒரே தேவைன்னு நினைச்சுக்கிறோம். நான் சறுக்கினது இங்கதான்.

வேகக் கணக்கு: உங்களுக்கு உண்மையிலேயே 2.5ஜி வேணுமா?

முதல் கேள்வி, 2.5ஜி ஸ்விட்ச் போட்டா இன்டர்நெட் வேகமாகுமா? ஆகாது. நம்ம ஊர் வீடுகள்ல எடுக்கிற பிளான் பெரும்பாலும் 1 ஜிபிபிஎஸ்-க்கு ரொம்பக் கீழே. 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு சாதாரண கிகாபிட் ஸ்விட்சே அஞ்சு மடங்கு பெரிசு.

பயன் தெரியுற இடம் வீட்டுக்குள்ள நடக்கிற ஃபைல் பரிமாற்றம். 1 ஜிபிபிஎஸ்-ங்கிறது கணக்குப்படி வினாடிக்கு 125 மெகாபைட். ஹெடர் எல்லாம் போக கைக்கு வர்றது சுமார் 115. 2.5ஜி-ல அதே மாதிரி சுமார் 285. 50 ஜிபி வீடியோவையோ ப்ராஜெக்ட் டேட்டாசெட்டையோ நாஸ்-ல இருந்து இழுக்கணும்னா முதல்ல சொன்னதுல ஏழு நிமிஷத்துக்கு மேல, ரெண்டாவதுல மூணு நிமிஷம்.

ஆனா அதுக்கு ரெண்டு முனையும் ஒத்துழைக்கணும். நாஸ்-ல ஒரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்னா அது வினாடிக்கு 150, 180 மெகாபைட்லயே மூச்சு வாங்கும். அதுக்கு மேல ஸ்விட்ச் என்ன பண்ணாலும் பயனில்ல. எஸ்எஸ்டி இருந்தா முழுப் பயன். லேப்டாப்ல 2.5ஜி போர்ட் இல்லன்னா யுஎஸ்பி அடாப்டர் கிடைக்குது. அதை யுஎஸ்பி 3 போர்ட்ல சொருகணும். யுஎஸ்பி 2-ல சொருகினா 480 எம்பிபிஎஸ்-லயே கதை முடிஞ்சிடும்.

இப்போ கேமராவுக்கு வருவோம். வீட்டுக்குப் போடுற ஐபி கேமராக்கள்ல பெரும்பாலானதுக்கு 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கும். அதுலயும் ஒரு 4 மெகாபிக்சல் கேமரா அனுப்புறது சில எம்பிபிஎஸ் மட்டும்தான். அதை 2.5ஜி போர்ட்ல சொருகுறது, டவுன் பஸ்ல ஒரே ஒரு ஆளை ஏத்திக்கிட்டுப் போற மாதிரி. தப்பில்ல, ஆனா டிக்கெட் காசு நம்மளோடது.

ஆக வேகம் வேண்டியது நாஸ், பிசி, அக்சஸ் பாயிண்ட். கரண்ட் வேண்டியது கேமராவும் அக்சஸ் பாயிண்டும். ரெண்டும் சேர்த்து வேண்டியது அக்சஸ் பாயிண்ட் மட்டும்தான். உங்க வீட்டுப் பொருளை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி, பக்கத்துல "வேகம்", "கரண்ட்"னு ரெண்டு கட்டம் போட்டு டிக் பண்ணிப் பாருங்க. எத்தனை பொருளுக்கு ரெண்டு டிக்கும் விழுதுன்னு உடனே தெரிஞ்சிடும்.

கரண்ட் கணக்கு: டப்பாவை நம்பாதீங்க, அடாப்டரைப் படிங்க

பிஓஇ-ல மூணு தரம் இருக்கு. 2003-ல வந்த 802.3ஏஎஃப்: ஸ்விட்ச் போர்ட்ல 15.4 வாட், கேபிளோட அந்தப் பக்கம் உறுதியா கிடைக்கிறது 12.95 வாட். 2009-ல வந்த 802.3ஏடி, அதாவது பிஓஇ பிளஸ்: 30 வாட், அந்தப் பக்கம் 25.5. 2018-ல வந்த 802.3பிடி: போர்ட்ல 60 வாட், 90 வாட்னு ரெண்டு வகை.

நடுவுல தொலையுற வாட் எங்க போகுது? நம்ம ஃபர்ஸ்ட் இயர் ஃபார்முலாதான், கரண்டோட வர்க்கம் பெருக்கல் ரெசிஸ்டன்ஸ். ஏஎஃப்-ல அதிகபட்ச கரண்ட் 0.35 ஆம்பியர். 100 மீட்டர் கேபிளுக்கு தரம் எடுத்துக்கிற ரெசிஸ்டன்ஸ் 20 ஓம். பெருக்கினா 2.45 வாட். 15.4-ல 2.45 போனா 12.95. அப்படியே பொருந்துது பாருங்க. அந்த 2.45 வாட் கேபிள்ல சூடா போகுது.

எங்க ஸ்விட்ச் டப்பாவுல "8 போர்ட் 2.5ஜி, பிஓஇ பிளஸ், ஒரு போர்ட்டுக்கு 30 வாட்"னு பெருசா போட்டிருந்தது. எட்டு போர்ட், 30 வாட், மொத்தம் 240 வாட்னு மனசு தானா கணக்கு போட்டுக்கிச்சு. கூட வந்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்திருந்தா உண்மை தெரிஞ்சிருக்கும். 52 வோல்ட், 1.25 ஆம்பியர். பெருக்கினா 65 வாட். ஸ்விட்ச், கேமரா, அக்சஸ் பாயிண்ட் எல்லாம் சேர்ந்து இந்த 65-க்குள்ளதான் குடும்பம் நடத்தணும்.

இப்போ எங்க வீட்டு லோடைப் பாருங்க. ஸ்விட்ச் தனக்குன்னு எடுத்துக்கிறது சுமார் 9 வாட். அக்சஸ் பாயிண்ட் 17. நாலு கேமரா, பகல்ல ஒண்ணு 4.5 வாட், மொத்தம் 18. கூட்டினா 44. எந்தப் பிரச்சினையும் இல்ல.

இருட்டினதும் கேமராவோட இன்ஃப்ராரெட் எல்இடி எரிய ஆரம்பிக்கும். டேட்டாஷீட்படி அப்போ ஒரு கேமரா 10 வாட். நாலுக்கு 40. கூட 17, கூட 9. மொத்தம் 66.

65-க்கு 66. அந்த ஒரு வாட்டுக்காகத்தான் கேட் கேமரா தினமும் செத்துச்சு.

லோடு எல்லையைத் தாண்டினதும் ஸ்விட்ச் ஒரு போர்ட்டை வெட்டும். பொதுவா நம்பர் பெரிசா இருக்கிற போர்ட் முதல்ல அடிவாங்கும். எங்க வீட்டுல அது கேட் கேமரா. அதை வெட்டினதும் லோடு குறையும், சரி இடம் இருக்குன்னு ஸ்விட்ச் மறுபடி கரண்ட் கொடுக்கும். கேமரா பூட் ஆகி, இருட்டா இருக்கேன்னு எல்இடி-யைப் போடும். மறுபடி 66, மறுபடி வெட்டு. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு சுத்து, விடியுற வரைக்கும். சில மலிவு ஸ்விட்ச்ல போர்ட்டை வெட்டுற இந்த அறிவும் இருக்காது, முழு ஸ்விட்சுமே ரீபூட் ஆகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு பிஓஇ கருவிக்கும் ஒரு கிளாஸ் உண்டு. கிளாஸ் 1-னா 4 வாட், 2-னா 7, 3-னா 15.4, 4-னா 30. சில ஸ்விட்ச் உண்மையான செலவைப் பார்க்காது, கிளாஸுக்கு உரியதை முழுசா ஒதுக்கி வெச்சிடும். அஞ்சு வாட் எடுக்கிற கேமரா கிளாஸ் 3-ன்னா 15.4 வாட் அதுக்கு ரிசர்வ் ஆயிடும். அதனால உங்க கணக்கு மொத்த பட்ஜெட்டுல 75 சதவீதத்தைத் தாண்டாம பார்த்துக்கோங்க.

கேட்டுட்டுக் கொடுக்கிறதும் கேட்காம கொடுக்கிறதும்

"ஸ்விட்ச்ல 50 வோல்ட் வருதே, லேப்டாப்பை சொருகினா எரிஞ்சு போயிடாதா?" அம்மா கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி.

தரப்படி செஞ்ச ஸ்விட்ச் எடுத்த எடுப்புல கரண்ட் விடாது. முதல்ல 2.7-ல இருந்து 10.1 வோல்ட் வரைக்கும் சின்னதா அனுப்பி, அந்தப் பக்கம் சுமார் 25 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கான்னு பார்க்கும். இருந்தா அது பிஓஇ கருவி. அப்புறம் 20 வோல்ட் வரைக்கும் ஏத்தி என்ன கிளாஸ்னு கேட்கும். அதுக்கு அப்புறம்தான் முழு வோல்டேஜ். லேப்டாப்ல அந்த 25 கிலோ ஓம் அடையாளம் கிடையாது. அதனால ஸ்விட்ச் வெறும் டேட்டாவோட நிறுத்திக்கும்.

ஆபத்து பாசிவ் பிஓஇ-ல. இது 24 அல்லது 48 வோல்ட்டை எதையும் கேட்காம நேரா தள்ளும். பழைய வயர்லெஸ் ஆன்டெனாக்களோட வர்ற இன்ஜெக்டர் பல இப்படித்தான். மலிவுல கிடைக்கிற சில ஸ்விட்சும் இந்த ரகம். வாங்குறதுக்கு முன்னாடி 802.3ஏஎஃப், ஏடி-ன்னு தெளிவா எழுதியிருக்கான்னு பாருங்க. வெறும் "பிஓஇ 48 வோல்ட்"னு மட்டும் இருந்தா ஒதுங்கிடுங்க. மிச்சம் பிடிச்ச ஐநூறு ரூபாய்க்கு ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பை பணயம் வைக்க வேண்டாம்.

சுவருக்குள்ள என்ன ஓடுது?

ஸ்விட்ச்சை மாத்திடலாம். சுவருக்குள்ள போன கேபிளை மாத்துறது அப்படி இல்ல. வீடு கட்டுறவங்க, பெயின்ட் அடிக்கப் போறவங்க இந்தப் பகுதியை ரெண்டு தடவை படிங்க.

கடையில "கேட் 6"-ன்னு பாதி விலைக்குக் கிடைக்கிற கேபிள் பல நேரம் சிசிஏ, அதாவது உள்ள அலுமினியம், மேல மெல்லிசா செம்புப் பூச்சு. ஈத்தர்நெட் கேபிள் தரங்கள் கேட்கிறது முழுச் செம்பு. அலுமினியத்துக்கு ரெசிஸ்டன்ஸ் அதிகம், அதனால பிஓஇ ஓடும்போது சூடும் வோல்டேஜ் இழப்பும் அதிகம். ரெண்டு தடவை மடக்கினா உடையும், பஞ்ச் பண்ணும்போது கனெக்ஷன் லூசாகும்.

கண்டுபிடிக்க ரெண்டு வழி. ஒரு கம்பியை பிளேடால சுரண்டுங்க. உள்ள வெள்ளி நிறம் தெரிஞ்சா சிசிஏ. முழு 305 மீட்டர் பெட்டி வாங்கினா இன்னும் நல்ல வழி இருக்கு. ஒரு முனையில ஒரு ஜோடிக் கம்பியை முறுக்கிச் சேர்த்துட்டு, மறுமுனையில அந்த ரெண்டு கம்பிக்கு நடுவுல மல்டிமீட்டரை வைங்க. கேட் 5இ தரத்துல ஒரு கம்பிக்கு 100 மீட்டருக்கு அதிகபட்சம் 9.38 ஓம். போக வர 610 மீட்டருக்கு 57 ஓம். நல்ல செம்புன்னா அதுக்குக் கீழதான் வரும். 80 பக்கம் காட்டினா பெட்டியை அப்படியே கடைக்குத் திருப்பி எடுத்துட்டுப் போங்க. லேப்ல மல்டிமீட்டர் பிடிச்ச அனுபவம் வீட்டுக்கு உபயோகமாகட்டும்.

ஏற்கனவே நல்ல கேட் 5இ ஓடுதுன்னா 2.5ஜி-க்காக எதையும் மாத்த வேண்டியதில்ல.

சூடு, கரண்ட் கட், இடி

சூடு: வீட்டு ஸ்விட்ச் பலதுக்கும் டேட்டாஷீட்ல இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரின்னுதான் இருக்கும். மே மாசம் நம்ம ஊர்ல வெளியிலேயே 40 அடிக்குது, மூடின பரண் மேல எவ்வளவு இருக்கும்னு யோசிங்க. ஃபேன் இல்லாத பிஓஇ ஸ்விட்சை காத்து வர்ற இடத்துல வைங்க. ஃபேன் இருக்கிறதை பெட்ரூம்ல வைக்காதீங்க, ராத்திரி அந்த சத்தம் தூங்க விடாது. 10ஜி எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் இருந்தா, பக்கத்துல இருக்கிற நாஸ்-க்கு டிஏசி கேபிள் போடுங்க. செம்புக் கேபிள் சொருகுற 10ஜி மாட்யூல் கையைச் சுடுற அளவுக்குச் சூடாகும்.

கரண்ட் கட்: ரவுட்டருக்கு வாங்குற குட்டி யுபிஎஸ் 12 வோல்ட் கொடுக்கும். பிஓஇ ஸ்விட்ச்சுக்கு வேண்டியது 50 வோல்ட் பக்கம். அதுல ஓடாது. வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல ஸ்விட்சைக் கொடுங்க. பிஓஇ-யோட நிஜமான பலன் இங்கதான் இருக்கு. ஒரு ஸ்விட்சுக்கு பேக்கப் கொடுத்தா நாலு கேமராவுக்கும் வைஃபைக்கும் சேர்த்துக் கொடுத்த மாதிரி.

ஈபி பில்: மொத்த செட்டப் சராசரி 50 வாட்னு வைங்க. 24 மணி நேரம், 60 நாள். ரெண்டு மாச பில்லுல 72 யூனிட். வாங்குறதுக்கு முன்னாடி இதை அப்பாகிட்ட சொல்லிடுங்க, பில் வந்ததும் கேட்கிறதுக்கு முன்னாடி.

இடி: மொட்டை மாடி, கேட்னு வெளியில ஓடுற செம்புக் கேபிள் பக்கத்துல இடி விழுந்தாலே வோல்டேஜை உள்ள இழுத்துட்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில இது ஒண்ணும் கற்பனை இல்ல. கேமராவும் நாஸ்-ம் ஒரே ஸ்விட்ச்ல இருந்தா அந்த அடி நாஸ்-க்கும் போகலாம். எர்த் சரியா கொடுத்த சர்ஜ் புரொடெக்டர் உதவும். கேமராவுக்குத் தனி ஸ்விட்ச் வெச்சு, ரெண்டு ஸ்விட்சையும் ஃபைபர்ல இணைச்சா இன்னும் நல்லது. கண்ணாடி இழையில கரண்ட் பாயாது. மாட்யூல் ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு ஒத்துப்போகுதான்னு மட்டும் பார்த்துக்கோங்க.

கடைசியா ஒண்ணு. வெப் பேஜ் உள்ள ஸ்விட்ச்னா முதல் நாளே பாஸ்வேர்டை மாத்துங்க. வீலான் வசதி இருந்தா கேமராவை தனி வீலான்ல போட்டு, அதுக்கு இன்டர்நெட்டை மூடிடுங்க.

அப்போ என்ன வாங்கலாம்?

நாஸ் இல்ல, நெட் மட்டும்தான்னா சாதாரண கிகாபிட் ஸ்விட்ச் போதும். கேமரா இருந்தா அதுக்கு கிகாபிட் பிஓஇ ஸ்விட்ச்சே தாராளம்.

எஸ்எஸ்டி போட்ட நாஸ், 2.5ஜி பிசி, நல்ல அக்சஸ் பாயிண்ட் மூணும் இருந்தா, பிஓஇ இல்லாத அஞ்சு போர்ட் 2.5ஜி ஸ்விட்ச் ஒண்ணு, அக்சஸ் பாயிண்டுக்கு 2.5ஜி-ன்னு குறிப்பிட்ட 802.3ஏடி இன்ஜெக்டர் ஒண்ணு, கேமராவுக்குத் தனியா மலிவு கிகாபிட் பிஓஇ ஸ்விட்ச். பல நேரம் மூணும் சேர்ந்தே ஒரு பெரிய 2.5ஜி பிஓஇ ஸ்விட்ச் விலையை விடக் குறைவா வரும். ஒண்ணு கெட்டா மத்தது ஓடும்.

2.5ஜி அக்சஸ் பாயிண்டே ரெண்டு மூணு இருக்கிற பெரிய வீடுன்னா, அப்போ 2.5ஜி பிஓஇ ஸ்விட்ச் வாங்குறதுல அர்த்தம் இருக்கு. அடாப்டர் குறைஞ்சது 120 வாட் இருக்கிற மாதிரி பாருங்க.

எங்க வீட்டுல? அக்சஸ் பாயிண்டை தனி இன்ஜெக்டருக்கு மாத்தினேன். ஸ்விட்ச் மேல இருந்த லோடு ராத்திரி 66-ல இருந்து 49-க்கு இறங்கிச்சு. அன்னிக்கு ஆறரை மணிக்கு நானும் பாட்டியும் டிவி முன்னாடி உட்கார்ந்து கேட் கேமராவையே பார்த்துக்கிட்டிருந்தோம். ஏழு ஆச்சு, எட்டு ஆச்சு, படம் போகல. அப்பா வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த கூட்டல் கணக்கை வாங்குறதுக்கு முன்னாடி போட்டிருக்கலாமேடா?"

போட்டிருக்கலாம். அதனாலதான் உங்களை முன்கூட்டியே போடச் சொல்றேன். அடாப்டரைத் திருப்புங்க, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்க, ராத்திரி லோடைக் கூட்டுங்க. அதுக்கு அப்புறம் கார்ட்ல போடுங்க.